கண்ணாடி போட்டா எலும்பு தெரியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

திருமங்கலத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு முதுகெலும்புல ஸ்க்ரூ வைக்கணும்னு சொல்லிட்டாங்க. டாக்டர் மிக்ஸ்டு ரியாலிட்டி கண்ணாடி போட்டா உள்ள இருக்கிற எலும்பு வெளியிலயே தெரியும்னு போன வீடியோல சொன்னீங்களே, அப்ப தப்பே வராதா?" படிச்சதுல இருந்து இந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். பழைய போட்டோவை ஆள் மேல ஒட்டிப் பாக்குறோம், அவ்வளவுதான்மா. இந்த மிக்ஸ்டு ரியாலிட்டி கண்ணாடி, எதிர்ல இருக்கிற நிஜக் காட்சி மேலயே கம்ப்யூட்டர் படத்தையும் சேத்துக் காட்டும். அதுல தெரியுற எலும்பு முன்னாடி எடுத்த சி.டி. ஸ்கேன். சரியா ஒட்டுனா பலன், கொஞ்சம் நகந்தா ஆபத்து.

எப்படி ஒட்டுறாங்க? முதுகெலும்போட பின்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கிற முள்ளுல ஒரு கிளாம்ப் மாட்டுவாங்க. அதுல இருக்கிற அடையாளக் குறியை கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரு கூர்க்கம்பியால எலும்புல பல புள்ளிகளைத் தொட்டுக் காட்டணும். ஸ்கேன்ல அதே புள்ளிகள் எங்க இருக்குன்னு பாத்து கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்துக்கும். இதைத்தான் ரெஜிஸ்ட்ரேஷன்ங்கிறாங்க.

இங்கதான் சிக்கல். ஸ்கேன் எடுக்கும்போது அப்பா மல்லாக்கப் படுத்திருப்பாங்க, ஆபரேஷன்ல குப்புறப் படுப்பாங்க. ஒவ்வொரு எலும்பும் அதே வடிவத்துலதான் இருக்கும். ஒண்ணுக்கொண்ணு இருக்கிற கோணம் மாறிடும். முதுகெலும்போட இடுப்புப் பகுதியில நாலாவது எலும்புல ரெஜிஸ்டர் பண்ணிட்டு அதே பகுதியோட முதல் எலும்புல நம்பி ஸ்க்ரூ போட்டா தவறும். ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியா பண்ணணும், இல்லேன்னா குப்புறப் படுக்க வச்சபிறகு டேபிள்லயே ஸ்கேன் எடுக்கணும். இன்னொண்ணு, யாரோட கையாவது கிளாம்ப்ல இடிச்சா படம் மொத்தமா நகந்துடும், பாத்தா தெரியவே தெரியாது. அதனால ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கு முன்னாடியும் தெரிஞ்ச ஒரு எலும்பு முனையைத் தொட்டு, படத்துலயும் அங்கதான் தொடுதான்னு பாக்கணும்.

எவ்வளவு தவறலாம்? இடுப்புல போடுற ஸ்க்ரூ சாதாரணமா 6.5 மி.மீ. தடிமன், 45 மி.மீ. நீளம். கோணம் 3 டிகிரி மாறினா முனை 2 மி.மீ.க்கு மேல தள்ளிப் போயிடும். நடு முதுகுல அது போற எலும்புப் பாதையே சில பேருக்கு 4, 5 மி.மீ. அகலம்தான், உள்பக்கச் சுவரைத் தாண்டினா தண்டுவடம். அதனால திரும்பவும் சொல்றேன், பழைய போட்டோ.

ஆபரேஷன் லைட் வேற. இந்த மாதிரி ஊடுருவிப் பாக்குற கண்ணாடி வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டும், கறுப்பைக் காட்ட முடியாது. மேல விளக்கு பளீர்னு அடிச்சா படம் வெளிறிப் போகும்.

இவ்வளவு சொன்னதால இது உதவாதுன்னு எடுத்துக்காதீங்க. அமெரிக்காவுல 2019 டிசம்பர்லயே எக்ஸ்விஷன்ங்கிற இந்த மாதிரி கண்ணாடிக் கருவிக்கு முதுகெலும்பு ஆபரேஷன்ல பயன்படுத்த அனுமதி கிடைச்சது. 2020 ஜூன்ல அங்க இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில நோயாளிகளுக்கு அதை வச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. டாக்டர் தலையைத் திருப்பி ஸ்க்ரீனைப் பாக்க வேண்டாம், பார்வை காயத்துலயே இருக்கும். அது பெரிய வசதி.

மாணவர்களுக்கு இன்னும் தைரியமா பயன்படுத்தலாம், 2 மி.மீ. நகந்தா யாருக்கும் காயமில்ல. பிளாஸ்டிக் முதுகெலும்பு மேல நரம்பும் ரத்தக்குழாயும் மிதக்குற மாதிரி காட்டி, எந்தக் கோணத்துல போகணும்னு பழக்கலாம். ஆனா கெட்டி எலும்பைத் தாண்டி பஞ்சு எலும்புக்குள்ள கருவி இறங்குறப்ப கையில ஒரு உணர்வு வரும் பாருங்க, அதைக் கண்ணாடி கத்துக் கொடுக்காது.

தங்கச்சி, ஸ்கேன் எடுக்கிறப்ப என்ன கேட்டு வாங்கணும்னு நீங்க கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். அதையும் சொல்லிடறேன். மதுரையில எந்த ஸ்கேன் சென்டர் வாசல்ல பாத்தாலும் பெரிய பிலிம் கவரோடதான் வெளிய வருவாங்க. இந்த வேலைக்கு பிலிம் உதவாது. டைகாம் பைல், அதாவது கம்ப்யூட்டர் படிக்கிற ஸ்கேன் பைல் இருக்கிற டிவிடி வேணும், அதுலயும் 1 மி.மீ. இல்ல அதுக்கும் மெல்லிசான ஸ்லைஸ், அதாவது உடம்பைத் துண்டு துண்டா வெட்டின மாதிரி காட்டுற படங்கள் இருக்கணும். 5 மி.மீ. ஸ்லைஸை மட்டும் பதிஞ்சு கொடுத்துட்டா, முப்பரிமாணத்துல எலும்பு படிக்கட்டு மாதிரி வரும். மெல்லிய ஸ்லைஸை உருவாக்குற மூலத் தகவலை மெஷின்ல ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க, இடம் பத்தாம அழிஞ்சிடும். அதனால ஸ்கேன் எடுக்குற அன்னைக்கே, "முதுகெலும்பு ஆபரேஷனுக்கு, தின் ஸ்லைஸும் சேத்துப் போட்டுக் கொடுங்க"ன்னு டெக்னீஷியன்கிட்ட கேட்டு வாங்கிடுங்க.