கோலா ஊத்துன சாக்லேட் கேக்: பொங்க வைக்கிறது எந்தச் சோடா?

(திரையில்: கண்ணாடி டம்ளர்ல கோலா நுரைச்சு அடங்குது. பக்கத்துல ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா.)

கோலாவுல இருக்கிற கேஸ்தான் கேக்கைத் தூக்குதுன்னு நெறையப் பேர் நெனைக்கிறாங்க. இல்லீங்க. அந்த கேஸ் மாவைக் கலக்கும்போதே பெரும்பாலும் போயிரும். தூக்குறது ஆப்ப சோடாதான். அது வேலை செய்யப் புளிப்பு வேணும். மோர், கோகோ, கோலாவுல இருக்கிற பாஸ்பாரிக் அமிலம், மூணும் சேர்ந்து அந்தப் புளிப்பைக் குடுக்குது.

கோலாவுக்குப் பதிலா பன்னீர் சோடா ஊத்தலாமான்னு கேட்டா, ஊத்தலாம்; ஆனா ரோஜா வாசமும் கோகோவும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். டயட் கோலா வேண்டாம். அதுல பெரும்பாலும் போடற அஸ்பார்டேம் சூட்டுல இனிப்பை இழந்துரும்.

(திரையில்: தராசு. ஒவ்வொண்ணா எடை வைக்கிறது.)

8 இன்ச் டின் ரெண்டுக்கு அளவு. மைதா 200 கிராம், கோகோ 60, சர்க்கரை 240, ஆப்ப சோடா தலை தட்டி 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். ஈரத்துக்குக் கோலா 200 மில்லி, புளிச்ச கெட்டி மோர் 120 மில்லி, உருக்குன வெண்ணெய் 100 கிராம், முட்டை 2, வெனிலா 1 டீஸ்பூன். கோலாவை நுரை அடங்குன பிறகுதான் அளக்கோணும். நுரையோட அளந்தா 200-ன்னு காட்டும், உள்ள அவ்வளவு இருக்காது.

கோகோ டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 'ஆல்கலைஸ்டு'ன்னோ, 501-ங்கிற எண்ணோ போட்டிருந்தா அதோட புளிப்பை முன்னமே எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். கேக் நல்லாக் கருப்பா வரும், ஆனா சோடாவுக்கு வேலை குறைஞ்சிரும். அந்தக் கோகோவா இருந்தா சோடாவை அரை டீஸ்பூனாக் குறைச்சு, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன் சேருங்க. அப்படியே விட்டா மிச்சச் சோடா சோப்பு மாதிரி நாக்குல நிக்கும்.

(திரையில்: சூடான கோலா கோகோ மேல விழுது, கரண்டியில கிண்டக் கிண்டக் கூழ் பளபளன்னு ஆகுது.)

கோலாவைக் கொதி வர்ற வரைக்கும் காய்ச்சி கோகோ மேல ஊத்திக் கட்டி இல்லாமக் கிண்டுங்க. சூட்டுல கோகோ வாசம் நல்லாத் தூக்கும். இருந்த கேஸும் இதோட போச்சு, கேக்குக்கு ஒண்ணும் ஆகாது. கை பொறுக்குற சூட்டுக்கு ஆறுன பிறகு வெண்ணெய், மோர், வெனிலா, கடைசியா முட்டை. அவசரப்பட்டா முட்டை வெந்து திரி திரியா நிக்கும்.

மைதா, சோடா, உப்பு மூணையும் ரெண்டு தடவை சலிச்சு சர்க்கரையோட கலந்து வைங்க. சலிக்காம விட்ட சோடாக் கட்டி, வெந்த கேக்குல பழுப்புப் புள்ளியாத் தெரியும், கடிச்சாக் கசக்கும்.

இப்பத்தான் வீட்டு ஓடிஜி, அதாவது கேக் சுடற சின்னக் கரண்ட் அடுப்பு, வைக்கிற சிக்கல். நெறைய ஓடிஜியில ஒரு நேரத்துல ஒரு 8 இன்ச் டின்தான் போகும். மொத்த மாவையும் கலந்து பாதியை வெளிய வெச்சா, ஈரம் பட்ட நிமிஷத்துல இருந்து சோடா வேலையை ஆரம்பிச்சிரும். ரெண்டாவது கேக் முதல் கேக்கோட உயரத்துக்கு வராது. அதனால காஞ்சதை ரெண்டு பாத்திரத்துல சரிபாதி, ஈரத்தையும் சரிபாதி. முதல் டின் வெளிய வந்த பிறகு அடுத்ததைக் கலக்குங்க. மாவு ரவா தோசை மாவு மாதிரி தண்ணியாத்தான் இருக்கும். பயந்துட்டு மைதா சேர்த்துராதீங்க.

170 டிகிரி, 15 நிமிஷம் முன்சூடு, நடுத்தட்டுல 28 முதல் 32 நிமிஷம். முதல் 20 நிமிஷம் கதவைத் தொறக்க வேண்டாம். நடுவுல குழி விழுந்தா மூணு காரணம்: கதவு, கூடிப்போன சோடா, வேகாத நடு. ஊட்டிக்காரங்க சோடாவைக் கால் பங்கு குறைங்க. 2,240 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் குறைவு; கேஸ் அதிகமா விரிஞ்சு கேக் வேகறதுக்கு முன்னாடியே அமுங்கிரும்.

(திரையில்: வெண்ணெய் உருண்டையைத் துணியில ஒத்தி எடுக்கிறது, துணி நனையுது.)

மேல் பூச்சுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் 150 கிராம். கடைஞ்ச வெண்ணெய்ல மோரும் தண்ணியும் மிச்சம் இருக்கும். ஐஸ் தண்ணியில ரெண்டு தடவை கழுவி, மரக்கரண்டியால அமுக்கி, துணியில ஒத்துங்க. இதை விட்டா பூச்சு திரிஞ்ச மாதிரி மணி மணியா நிக்கும். வெளுக்கிற வரைக்கும் அடிச்சு, பொடிச்ச சர்க்கரை 250, கோகோ 40 சேருங்க. கேக்குக்குள்ள கோலா ருசி பெருசாத் தெரியாது. அது வேணும்னா 150 மில்லி கோலாவை 2 டேபிள்ஸ்பூனா வத்த வெச்சு, நல்லா ஆறவிட்டு இதுல கலக்குங்க.

சித்திரையில ஈரோடு, கரூர் பக்கம் வெண்ணெய்ப் பூச்சு நிக்காதுங்க. டார்க் சாக்லேட் 300 கிராம், சூடான கிரீம் 150 மில்லி கலந்து, உறையுற நெய் பதத்துக்கு ஆற வெச்சுப் பூசுங்க.

ரெண்டு கேக்கும் முழுசா ஆறோணும். உப்புன தலையை நூல் கட்டி இழுத்தா வழுவழுன்னு வெட்டும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு. தூள் எல்லாம் அதுல ஒட்டிக்கும். 20 நிமிஷம் பிரிட்ஜ். அப்புறம் மொத்தமாப் பூசுங்க. வெட்டுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க, கத்தியைச் சுடுதண்ணியில முக்கித் துடைச்சு வெட்டுங்க.