குழந்தை பிறந்தாச்சு, ஈடிடி பணம் இன்னும் வரலையா? கலிஃபோர்னியாவுல எங்க சிக்குது, எப்படி எடுக்கிறது

[திரையில்: சம்பளச் சீட்டு, வாடகை நோட்டீஸ், ஈடிடி இணையதளத்தின் முகப்பு]

குரல்: குழந்தை பிறந்து அஞ்சு வாரம் ஆகுது. கம்பெனி சம்பளம் நின்னுடுச்சு. பிரசவ லீவுல சம்பளத்துக்குப் பதிலா பணம் தர்ற மாநில அரசுத் துறையான ஈடிடிக்கு விண்ணப்பம் அனுப்பி நாலு வாரம் ஆச்சு, ஒரு டாலர்கூட வரலை. வாடகை மட்டும் ஒண்ணாம் தேதி தவறாம கேக்குது. கலிஃபோர்னியாவுல வேலை பாக்கிற பல வீடுகள்ல இதே நிலைமைதான். பத்தியச் சாப்பாடும் விட்டு விட்டுத் தூக்கமுமா இருக்கிற நேரத்துல, அரசாங்க போன் லைன்ல மணிக்கணக்கா காத்திருக்க யாராலயும் முடியாது. அதனால போனை எடுக்கிறதுக்கு முன்னாடி, பணம் எந்த இடத்துல நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நிக்கிற இடங்கள் ரொம்ப இல்ல, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறோம். இந்தப் பணம் உதவித்தொகை இல்ல, காப்பீடு. 2025-ல உங்க சம்பளத்துல 1.2 சதவீதம் இதுக்காகப் பிடிச்சிருக்காங்க. 2024 ஜனவரியிலிருந்து அந்தப் பிடித்தத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. எச்-1பி, எல்-1, எச்-4 இஏடி, கிரீன் கார்டு, எதுல இருந்தாலும் சரி, பிடித்தம் நடந்திருந்தா கேக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. தயங்கித் தயங்கிக் கேக்க வேண்டிய பணம் இல்ல இது.

[திரையில்: சம்பளச் சீட்டின் பிடித்தப் பகுதி பெரிதாகத் தெரிகிறது]

குரல்: முதல் வேலை, சம்பளச் சீட்டைத் திறங்க. பிடித்தப் பகுதியில 'சிஏ எஸ்டிஐ'ன்னு (கலிஃபோர்னியா மாநிலக் காப்பீடு) இருந்தா, உங்களுக்குப் பணம் தர வேண்டியது மாநில அரசோட ஈடிடி. 'விபிடிஐ'ன்னு இருந்தா, உங்க கம்பெனி அரசுத் திட்டத்துக்குப் பதிலா சொந்தமா ஒரு தனியார் திட்டம், அதாவது வாலண்டரி பிளான், நடத்துது. அப்போ விண்ணப்பம் போக வேண்டியது அந்தத் திட்டத்தை நடத்துற நிறுவனத்துக்கு. அது தெரியாம ஈடிடிக்கு அனுப்பிட்டு வாரக்கணக்கா காத்திருக்கிறவங்க உண்டு. சந்தேகம் இருந்தா எச்ஆர்கிட்ட ஒரே வரியில கேளுங்க: "நம்ம கம்பெனி வாலண்டரி பிளானா, ஸ்டேட் பிளானா?"

ரெண்டுமே இல்லையா? கம்பெனி கலிஃபோர்னியாவுல இருந்தாலும், நீங்க டெக்சாஸ்ல வீட்டிலிருந்தே வேலை பாக்கிறவரா இருந்தா இந்தப் பிடித்தம் நடந்திருக்காது, பணமும் வராது.

[திரையில்: காலக்கோடு. பிரசவம், டிஐ, பிஎஃப்எல்]

குரல்: பெத்த அம்மாவுக்கு வர்ற பணம் ஒண்ணு இல்ல, ரெண்டு. முதல்ல டிஐ, அதாவது உடம்பு தேறுறதுக்கான பணம். சாதாரணமா பிரசவத் தேதிக்கு முன்னாடி 4 வாரம் வரை, சுகப்பிரசவம்னா அதுக்கப்புறம் 6 வாரம், சிசேரியன்னா 8 வாரம். அது முடிஞ்சதும் பிஎஃப்எல், குழந்தையோட இருக்கிறதுக்கான 8 வாரம். டிஐ-ல முதல் 7 நாளுக்குப் பணம் கிடையாது. பிஎஃப்எல்-ல அந்தக் காத்திருப்பு 2018-லேயே எடுத்துட்டாங்க.

ஒரு உதாரணம். 2025 மார்ச் 3 வரை வேலை பாக்கலாம்னு இருந்தீங்க, அன்னைக்கே பிரசவம் ஆயிடுச்சு, லீவும் அன்னைக்கே தொடங்குது. டிஐ விண்ணப்பத்தை அந்த நாளிலிருந்து 9 நாள் கழிச்சுத்தான் அனுப்பணும், அதாவது மார்ச் 12. கடைசி கெடு 49 நாள், ஏப்ரல் மூணாவது வாரத்துல முடிஞ்சுடும். ஆர்வத்துல முன்னாடியே அனுப்பினா அதுவே சிக்கலாயிடும். கெடு தாண்டிட்டா, நியாயமான காரணத்தை எழுதி அனுப்பிப் பாக்கலாம், ஏத்துக்கிறது அவங்க கையில இருக்கு.

[திரையில்: விண்ணப்பத்தின் இரு பகுதிகள். 'உங்கள் பகுதி' பச்சை நிறம், 'மருத்துவர் பகுதி' சிவப்பு நிறம்]

குரல்: இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். முழுமையான விண்ணப்பம் கிடைச்சு 14 நாளுக்குள்ள முடிவு பண்ணுவோம்னு ஈடிடி சொல்லுது. 'முழுமையான' அப்படிங்கிறதைக் கவனிங்க. நீங்க பட்டனை அழுத்தின நாள்ல அந்தக் கணக்கு தொடங்காது. டாக்டரோட சான்றிதழும் போய்ச் சேர்ந்தாதான் விண்ணப்பம் முழுமையாகும். டிஐ தாமதம்னா நாங்க முதல்ல கேக்கிற கேள்வி இதுதான்: டாக்டர் பகுதி போயாச்சா?

ஈடிடியோட விண்ணப்ப இணையதளமான எஸ்டிஐ ஆன்லைன்ல உங்க பகுதியை அனுப்பினதும், 'ஆர்' எழுத்துல ஆரம்பிக்கிற ஒரு ரசீது எண் வரும். அதை டாக்டர் ஆபீஸ்ல கொடுக்கணும். அவங்க தங்களோட கணக்குல நுழைஞ்சு, அந்த எண்ணோட உங்க சான்றிதழை இணைப்பாங்க. எண்ணைக் கொடுக்கலைன்னாலோ, ஒரு இலக்கம் மாறிட்டாலோ, ரெண்டும் சேராது. உங்க பகுதி ஒரு பக்கம், டாக்டர் பகுதி ஒரு பக்கம்னு கிடக்கும். அந்த 49 நாள் கெடு டாக்டர் பகுதிக்கும் உண்டுங்கிறதையும் மறந்துடாதீங்க.

டாக்டர் ஆபீஸுக்குப் போன் பண்ணி "அனுப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா, "ஆமா, அனுப்பியாச்சு"ன்னு பதில் வரும். அது போதாது. எந்தத் தேதியில சமர்ப்பிச்சீங்க, ஆன்லைன்லயா தபால்லயா, எந்த ரசீது எண் போட்டீங்க, பிரசவத் தேதியும் வகையும் என்ன போட்டிருக்கு, வேலைக்குத் திரும்புற தேதி என்ன போட்டிருக்கு, இவ்வளவையும் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பெரிய ஆஸ்பத்திரிகள்ல இந்தப் படிவங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கும். உங்க டாக்டரோட நர்ஸ்கிட்ட கேக்கிறதைவிட நேரா அங்க கேக்கிறது வேகம். கையெழுத்து டாக்டர்தான் போடணும்னும் இல்ல, உங்களைப் பாத்துக்கிற மிட்வைஃபோ நர்ஸ் பிராக்டிஷனரோ சான்று தரலாம்.

பிரசவத்துக்கு முன்னாடியே சான்றிதழ் போயிருந்தா அதுல சுகப்பிரசவம்னு நினைச்சு 6 வாரம் போட்டிருப்பாங்க. கடைசியில சிசேரியன் ஆயிட்டா, டாக்டர் அதைத் திருத்தி நீட்டிக்கணும், தானா மாறாது. திருத்தலைன்னா டிஐ 6 வாரத்தோட நின்னுடும். உங்களுக்கு உரிமையுள்ள ரெண்டு வாரம் கையை விட்டுப் போயிடும்.

[திரையில்: மூன்று அட்டைகள். சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு. மூன்றிலும் பெயர் வேறு விதம்]

குரல்: அடுத்தது பெயர். இது நம்மாளுங்களுக்கே உரிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்ல, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல அப்பா பேர் ஒரு இடத்துல, விசாவுல 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாதுன்னு அர்த்தம்), கம்பெனி சம்பளப் பதிவுல முன்னும் பின்னும் மாறி, கல்யாணத்துக்கப்புறம் ஓட்டுநர் உரிமத்துல கணவர் பேர். ஈடிடி உங்க பேர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் மூணையும் ஒப்பிட்டுப் பாக்கும். ஒத்துப்போகலைன்னா அடையாளச் சரிபார்ப்புக்கு ஒதுக்கிடுவாங்க.

விண்ணப்பத்துல சோஷியல் செக்யூரிட்டி அட்டையில இருக்கிற மாதிரியே, அதே வரிசையில பேரைப் போடுங்க. சம்பளப் பதிவு வேற மாதிரி இருந்தா, கர்ப்பமா இருக்கும்போதே எச்ஆர்கிட்ட சொல்லி மாத்திடுங்க. ஈடிடி அடையாளம் பாக்கப் பயன்படுத்துற ஐடி.மீ தளத்தோட செல்ஃபி சரிபார்ப்புல தோத்துட்டா, திரும்பத் திரும்ப அதையே முயற்சி பண்ணாம, அங்கேயே இருக்கிற வீடியோ கால் வழியைத் தேர்ந்தெடுங்க. ஈடிடி ஆவணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினா, அதுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள பதில் போகணும். தபால் பெட்டியையும் ஆன்லைன் இன்பாக்ஸையும், ரெண்டையும் தினமும் பாருங்க.

[திரையில்: கணக்கீட்டு நோட்டீஸ், டிஇ 429டி]

குரல்: டிஇ 429டி-ங்கிற கணக்கீட்டு நோட்டீஸ் வந்ததும் பணம் பாஸ் ஆயிடுச்சுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. இல்ல. உங்க சம்பளக் கணக்குப்படி வாரத்துக்கு எவ்வளவு வரலாம்னு மட்டும்தான் இது சொல்லுது. தகுதி முடிவு தனி.

தொகை சைபர்னோ ரொம்பக் குறைவாவோ இருந்தா, அடிப்படைக் காலத்தைப் பாருங்க. நம்ம உதாரணத்துல மார்ச் 2025-ல தொடங்குற விண்ணப்பத்துக்கு, 2023 அக்டோபர் 1 முதல் 2024 செப்டம்பர் 30 வரை வாங்கின கலிஃபோர்னியா சம்பளம்தான் கணக்கு. அதுல சம்பளம் அதிகமா வந்த காலாண்டை எடுத்துப்பாங்க. அந்தக் காலாண்டுல 20,000 டாலர்னா, வாரத்துக்கு சுமார் 1,538, அதுல 70 சதவீதம், சுமார் 1,077 டாலர். குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு 90 சதவீதம் வரை உண்டு. 2025-ல வார உச்சம் 1,681 டாலர். சென்னை ஆபீஸ்ல இருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுதுன்னா, இந்தியச் சம்பளம் இதுல சேராது. வேற மாநிலத்துச் சம்பளமும் சேராது. ஆனா இங்க வாங்கின சம்பளமே விட்டுப்போயிருந்தா, டபிள்யூ-2 (கம்பெனி தர்ற வருஷச் சம்பளச் சான்று), சம்பளச் சீட்டு எல்லாம் இணைச்சு உடனே திருத்தம் கேளுங்க.

கம்பெனி பக்கமும் ஒரு முடிச்சு விழலாம். நீங்க விண்ணப்பிச்சதும் ஈடிடி கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பும். அவங்க ரெண்டு வேலை நாளுக்குள்ள பதில் தரணும். நீங்க கடைசி வேலை நாள் பிப்ரவரி 28-ன்னு போட்டு, எச்ஆர் மார்ச் 7-ன்னு போட்டா, கேள்வி எழும். லீவு நாள்ல கம்பெனி முழுச் சம்பளம் தர்றதா பதிவானாலும் பணம் நிக்கும். ஈடிடி பணத்துக்கு மேல மீதியை மட்டும் கம்பெனி தர்றதா இருந்தா, அதைச் சரியா அப்படியே குறிப்பிடச் சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்து உங்க வழக்கமான சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

[திரையில்: எஸ்டிஐ ஆன்லைன் இன்பாக்ஸ், டிஇ 2501எஃப்பி]

குரல்: டிஐ முடிஞ்சு பிஎஃப்எல்-க்கு மாறுற இடத்துலயும் பலர் தடுக்கி விழுறாங்க. டிஐ-யோட கடைசிப் பணம் போனதும், டிஇ 2501எஃப்பி-ங்கிற சின்னப் படிவம் உங்க இன்பாக்ஸுக்குத் தானா வரும். அதை நிரப்பினாத்தான் அடுத்த 8 வாரம் ஓடும். பணம் தானா தொடரும்னு விட்டுடாதீங்க. அவசரப்பட்டு அப்பாக்கள் போடுற பொது விண்ணப்பத்தைத் தனியாப் போட்டுடவும் வேண்டாம், ஒரே ஆளுக்கு ரெண்டு விண்ணப்பம் ஆகி இன்னும் இழுக்கும். பிஎஃப்எல் பணத்துக்கு மத்திய அரசு வரி உண்டு, மாநில வரி இல்ல.

அப்பாவுக்குத் தனியா 8 வாரம் உண்டு. அவர் டிஇ 2501எஃப் போடணும், லீவு தொடங்கின நாளுக்கு முன்னாடி போடக் கூடாது, 41 நாளுக்குள்ள போடணும். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் மாதிரி உறவுக்கான ஆதாரம் இணைக்கணும். இணைக்காம அனுப்புறதுதான் அப்பாக்கள் பக்கம் தாமதத்துக்குப் பெரிய காரணம். எட்டு வாரத்தையும் ஒரேயடியா எடுக்கணும்னு இல்ல, குழந்தை பிறந்து 12 மாசத்துக்குள்ள பிரிச்சு எடுக்கலாம்.

பணம் அனுப்பினதா காட்டுது, ஆனா கையில இல்லையா? 2024 பிப்ரவரியிலிருந்து ஈடிடியோட பண அட்டை 'மணி நெட்வொர்க்'ங்கிற நிறுவனம் மூலமா வருது. முதல் குழந்தைக்கு வந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா கார்டைத் தேடாதீங்க. வீடு மாறியிருந்தா முகவரியை எஸ்டிஐ ஆன்லைன்லயும் மாத்துங்க.

இடையில, இது ஈடிடி விஷயம் இல்லைன்னாலும் சொல்லியாகணும்: கம்பெனி மருத்துவக் காப்பீட்டுல குழந்தையைச் சேர்க்கப் பொதுவா பிறந்து 30 நாள்தான் கெடு. இந்தப் பணக் கவலையில அது தவறிடக் கூடாது.

[திரையில்: தொலைபேசி எண்கள்]

குரல்: எல்லாம் சரியா இருந்தும் டாக்டர் பகுதி போய் 14 நாள் தாண்டிடுச்சுன்னா, இப்போ போன் பண்ணுங்க. டிஐ-க்கு 800-480-3287, பிஎஃப்எல்-க்கு 877-238-4373. திங்கள் முதல் வெள்ளி, காலை 8 முதல் 5 வரை. காலையில எட்டு மணிக்கே அழைங்க. சோஷியல் செக்யூரிட்டி எண், ரசீது எண், டாக்டர் சமர்ப்பிச்ச தேதி மூணும் கையில இருக்கட்டும். "எப்போ வரும்?"னு கேட்டா பொதுவான பதில்தான் வரும். "என் விண்ணப்பத்துல எந்த ஆவணம் இன்னும் வராமலோ பரிசீலனையிலயோ இருக்கு?"ன்னு கேளுங்க. அதே கேள்வியை ஈடிடி இணையதளத்துல கேள்வி அனுப்புற 'ஆஸ்க் ஈடிடி' மூலமா எழுத்துலயும் அனுப்புங்க, பின்னாடி காட்ட ஆதாரம் இருக்கும்.

அதுக்கும் அசையலைன்னா, உங்க தொகுதி அசெம்பிளி உறுப்பினர் இல்லைன்னா மாநில செனட்டரோட மாவட்ட அலுவலகத்தை அணுகுங்க. ஈடிடி-ல சிக்கின விண்ணப்பங்களை விசாரிக்கிறது அவங்க ஊழியர்களோட அன்றாட வேலைதான். ஒரு ஒப்புதல் படிவத்துல கையெழுத்து கேப்பாங்க. நீங்க ஓட்டுப் போட முடியாதவரா இருந்தாலும் அந்தத் தொகுதியில குடியிருந்தா போதும்.

மறுப்பு நோட்டீஸ் வந்துட்டா, அதுல இருக்கிற அஞ்சல் தேதியிலிருந்து 30 நாள். டிஇ 1000ஏ படிவத்துல, இல்லைன்னா ஒரு கடிதத்துல, ஏன் தப்புன்னு சுருக்கமா எழுதி, விடுபட்ட ஆவணத்தையும் இணைச்சு அனுப்புங்க. ஈடிடி முதல்ல தானே மறுபடி பாக்கும். ஆவணம் குறைஞ்சதுதான் காரணம்னா அங்கேயே தீர்ந்துடலாம். மாத்தலைன்னா மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும், அங்க ஒரு நீதிபதி உங்களை விசாரிப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னா மேல்முறையீடு அனுப்பும்போதே எழுதிக் கேட்டுடுங்க. அதுக்குக் கட்டணம் கிடையாது.