பனம்பழமும் நாலு நம்பரும்

(பினாங்கு, பிறை வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான கணிதப் பயிலரங்கில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சிகள் காத்திருந்தும் பொன்னாடை வாங்கிய கையோடு எழுந்து போகாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்ததோடு குளிரூட்டியையும் போடச் சொன்ன டத்தோ அவர்களே, கோவில் நிர்வாகத்தினரே, தலைமையாசிரியர்களே, பாலம் கடந்து தீவிலிருந்து வந்திருக்கும் கணித ஆசிரியர்களே, இந்த வெயிலில் பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்த பெற்றோர்களே, யாருக்காக இந்தக் கூட்டமோ அந்த மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பட்டியலைப் படித்தே என் நேரத்தில் கால்வாசி போய்விடும் என்று தலைவர் எச்சரித்திருக்கிறார். டத்தோ அவர்களைப் பற்றி மட்டும் இன்னொரு வார்த்தை: போன ஆண்டு பயிற்சி நூல்கள் அச்சிட்ட செலவு அவருடையது. கைதட்டலாம்.

எனக்கு மூன்று செய்திகள் கொடுத்திருக்கிறார்கள். தரவைக் கையாளுவது ஒன்று, நிகழ்தகவு ஒன்று, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தாளில் இந்தப் பகுதியில் மதிப்பெண் எடுப்பது மூன்றாவது. முதல் வகுப்பான படிவம் ஒன்றில் தரவு, இரண்டில் சராசரி வகைகளும் எளிய நிகழ்தகவும், நான்கில் கூட்டு நிகழ்வுகள் என்று உங்கள் பாடநூலில் படிப்படியாக வருகிறது. பள்ளியில் மலாயில் மின், மெடியான், மோட், கெபாராங்காலியான் என்று படிப்பதைத்தான் நான் சராசரி, இடைநிலை, முகடு, நிகழ்தகவு என்று சொல்லப் போகிறேன்.

முதலில் தரவு. ஒரு கடையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட், இன்றைய குறைந்தபட்சச் சம்பளம். முதலாளி மாதம் 13,200 வெள்ளி எடுத்துக்கொள்கிறார். ஐவருக்கும் சேர்த்து 20,000, சராசரி 4,000. ‘எங்கள் கடையில் சராசரிச் சம்பளம் நாலாயிரம்’ என்று வாசலில் எழுதிப் போட்டால் அது பொய்யில்லை. ஆனால் நாலாயிரம் வாங்குகிற ஆள் ஒருவர்கூட அந்தக் கடையில் கிடையாது! ஐந்து சம்பளத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள்: 1,700. அது இடைநிலை. அதிக முறை வருவதும் 1,700. அது முகடு. யாராவது சராசரியை மட்டும் சொல்லி உங்களை மயக்கப் பார்த்தால், ‘இடைநிலை எவ்வளவு, ஐயா?’ என்று கேளுங்கள். சரி, தரவுக்கு இன்றைக்கு இது போதும். நிகழ்தகவில் எனக்கு வேலை அதிகம்.

சம வாய்ப்புள்ள விளைவுகள் மொத்தம் எத்தனை, அவற்றில் நமக்கு வேண்டியவை எத்தனை? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது நிகழ்தகவு. பகடையில் 6 விழ ஆறில் ஒன்று. சுழியம் என்றால் நடக்கவே நடக்காது, 1 என்றால் நடந்தே தீரும், மற்றதெல்லாம் இடையில். 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், பாதியில் நின்ற சூதாட்டத்தில் பணயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டபோதுதான் இந்தக் கணக்கு உருவெடுத்தது. சூதாட்ட மேசையில் பிறந்த பிள்ளை. நானும் அதை அங்கேயே கூட்டிக்கொண்டு போகிறேன். கோவில் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழி கூடவே ஏறிவிடும். என் மனைவிக்கே சலித்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாம். காக்கையைப் பார்த்தோம், பழம் விழுந்ததையும் பார்த்தோம். முடிச்சுப் போட்டது நாம்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒருநாள் காலை கடைசி வீட்டுச் சாக்கடையில் ஒரு மலைப்பாம்பு. பொம்பா என்ற தீயணைப்பு வண்டி வந்தது. பாம்பைப் பிடித்துக் கோணியில் போடக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. கூடியவர்களில் பாதிப் பேர் பாம்பைப் பார்த்தார்கள். மீதிப் பேர், நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் ‘நாலு நம்பர்’ குலுக்கலுக்கு எண் தேடி, வண்டியின் எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டும் மாமா ஒருவர், “வண்டி நம்பர் எதுக்குய்யா? பாம்பு வந்த வீட்டு நம்பர எடு” என்றார். எதிர்வீட்டு அக்கா விடவில்லை. “அண்ணே, பாம்பு வீட்டுக்குள்ள வரலையே, சாக்கடையிலதான இருந்துச்சு? சாக்கடைக்கு ஏது நம்பர்?” என்று சட்டப் பிரச்சினை கிளப்பினார். லோரோங், அதாவது சந்து எண்ணையும் வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதலாம் என்று சமாதானம் ஆனது. இன்னொருவர் நேராகப் பொம்பா வீரரிடமே போய்ப் பாம்பின் நீளத்தையும் எடையையும் மலாயில் கேட்டார். பதின்மூன்று அடி, இருபத்தைந்து கிலோ. உடனே உள்ளங்கையில் 1325. வேறொருவர் தொலைபேசியில் பொம்பாவை அழைத்த நேரத்தை எடுத்துக்கொண்டார். மூலை வீட்டிலிருந்து, எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் எண் சொல்லும் படப் புத்தகம் வந்தது. பாம்பு பாவம், கோணிக்குள் கிடந்தது.

இதற்கிடையில் ஒரு பாட்டி, மூக்குக்கண்ணாடி எடுத்து வராமல், பேரனின் நோட்டிலிருந்து கிழித்த துண்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு போனார். வண்டியில் இருந்தது 3682. பாட்டி எழுதியது 3862. ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலில் 3862-க்கு ஆறுதல் பரிசு! ஒரு வெள்ளிக்கு அறுபது வெள்ளி. அடுத்த வாரம் தெருவில் யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா? இல்லை. புது மோட்டார் வாங்கினாலும், எங்காவது கார் மோதினாலும், “பாட்டி, கண்ணாடியக் கழட்டிட்டு இதக் கொஞ்சம் எழுதித் தாங்க” என்று வாசலில் ஆள். சும்மா கேட்க முடியுமா? வடை வந்தது, தைலம் வந்தது, தீபாவளிக்கு ஒரு சேலையே வந்தது. அந்தப் பாம்பால் உண்மையில் லாபம் பார்த்தவர் பாட்டி ஒருவர்தான்.

இப்போது பேனாவை எடுங்கள். நாலு நம்பர் என்றால் 0000 முதல் 9999 வரை, மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் முதல் மூன்று பரிசு, சிறப்புப் பரிசு 10, ஆறுதல் பரிசு 10. ஆக 23 எண்கள். நீங்கள் வாங்கிய ஓர் எண் ஏதாவது ஒரு பரிசைப் பிடிக்கப் பத்தாயிரத்தில் 23. சரியாகக் கால் விழுக்காடுகூட இல்லை. ஆனால் எங்கள் தெரு வாங்கியது ஓர் எண்ணையா? வண்டி, வீடு, நீளமும் எடையும், நேரம், படப் புத்தகம்: ஐந்து மூலம். நான்கு இலக்கங்களும் வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொன்றையும் 24 விதமாக மாற்றி எழுதலாம். 5 பெருக்கல் 24, 120 எண்கள். அவற்றில் எதுவுமே அடிக்காமல் போகும் நிகழ்தகவு 0.9977-ஐ 120 முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.76. அப்படியானால் ஒன்றாவது அடிக்க 24 விழுக்காடு. புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று குலுக்கல். மூன்றையும் சேர்த்தால் 56 விழுக்காடு. பாதிக்கு மேல்! அந்தப் பாம்பு வராமல் பூனை வந்திருந்தாலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று அடித்திருக்க வாய்ப்பு அதிகம். மரத்தில் நாள் முழுக்க நூறு காக்கை உட்கார்ந்து எழுந்தால், பழம் விழும் நேரத்தில் ஏதாவது ஒரு காக்கை அங்கே இருக்கத்தான் செய்யும்.

‘இந்த நம்பர் ரொம்ப நாளாக வரவில்லை, அதனால் இப்போது வரும்’ என்பார்கள் சிலர். குலுக்கும் உருளைக்குப் போன வாரம் ஞாபகம் இருக்காது, ஐயா. ஒவ்வொரு முறையும் அதே பத்தாயிரத்தில் 23தான்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு வேகம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நம்பர் கடைக்குப் போகும் பணத்தை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்பு 180 வீதம் பத்து, ஆறுதல் 60 வீதம் பத்து. எல்லாம் கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்ணையும் ஒருவரே பத்தாயிரம் வெள்ளி கட்டி வாங்கினால் திரும்பி வருவது அவ்வளவுதான். சராசரி பார்த்தால் வெள்ளிக்கு 64 காசு. வள்ளுவர் ‘ஒன்றெய்தி நூறிழக்கும் சூதர்’ என்றார். இங்கே நூறில் முப்பத்தாறைத்தான் இழக்கிறோம் என்று லாரி மாமா என்னிடம் வாதாடினார். அந்த முப்பத்தாறு வாரத்துக்கு மூன்று முறை போகிறது, மாமா!

நாற்பது வீடுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு வெள்ளி, ஆண்டுக்கு 156 குலுக்கல். கட்டுவது 6,240 வெள்ளி. தெருவுக்குச் சராசரியாக 14 பரிசு விழும். மாதத்துக்கு ஒரு வீட்டிலாவது சிரிப்புச் சத்தம் கேட்கும். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தச் சத்தம்தான். திரும்பி வரும் பணம் சராசரியாக 3,994 வெள்ளி. போனது 2,246. வீட்டுக்கு ஒரு வெள்ளி என்பது நான் மரியாதைக்குச் சொல்லும் கணக்கு, பெற்றோர்களே, உங்களுக்கே தெரியும். இந்தப் பணத்தில் சனிக்கிழமை தோறும் இதே மண்டபத்தில் கணித வகுப்பு நடத்தலாம். கோவில் நிர்வாகத்தினரை இதற்காக இந்த வாரமே பார்க்கப் போகிறேன். மாண்புமிகு அவர்களும் உடன் வருவதாகத் தலையசைத்துவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் இரண்டாவது முறையாக மணியடிக்கிறார். மர வரைபடம் போடுங்கள், ஒரு புள்ளியிலிருந்து பிரியும் கிளைகளின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் 1 வருகிறதா என்று பாருங்கள். மீதியைப் பிற்பகலில் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.

ஒரே ஒரு வீட்டுவேலை. மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்ன 555 நோட்டு தெரியும் அல்லவா? அதை ஆளுக்கு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்தை ஐந்து பத்தியாகப் பிரியுங்கள்: தேதி, வீட்டில் வாங்கிய நம்பர், கட்டிய தொகை, கிடைத்த பரிசு, அந்த நம்பரை எடுத்த காரணம். அப்பாவைத் திட்ட வேண்டாம், அம்மாவிடம் சண்டை வேண்டாம், கேட்டு எழுதினால் போதும். காரணத்தைக் குலுக்கலுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு எழுதினால் எல்லா நம்பருக்கும் ஒரு பாம்பு கிடைத்துவிடும். அடிக்காத நாளையும் விடாமல் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் அது தரவு இல்லை, காக்கை உட்கார்ந்த கதை. ஆண்டு முடிவில் நோட்டைக் கொண்டுவாருங்கள். நிகழ்வெண் அட்டவணை போட்டு, தெரு வாரியாகக் கூட்டி, இதே மேடையில் வரைபடமாகக் காட்டுவோம்.

நோட்டுகள் மேடைக்கு இடப்பக்கம் உள்ள பெட்டியில் இருக்கின்றன. தேநீருக்குப் போகும் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள். டத்தோ அவர்களுக்கும் ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.