பால் சங்கத்துக்கு லீவு இல்லை: பண்டிகை நாள்ல யார் பால் அளக்கறாங்க?

(காட்சி: விடியற்காலை. சங்கத்து வாசல்ல பால் கேன், தூக்குப்போசியோட பெண்கள் வரிசை.)

மாடு தீபாவளிக்கும் பால் கொடுக்கும், ரம்ஜானுக்கும் கொடுக்கும், கிறிஸ்துமஸுக்கும் கொடுக்கும். அதனால கிராமத்துப் பால் சங்கம் ஒரு நாள்கூட மூட முடியாது. ஈரோடு மாவட்டத்துல பவானி, அந்தியூர், கோபி பக்கம் மகளிர் பால் சங்கம் ஒண்ணைப் பார்க்கப் போறீங்கன்னா, இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டுப் போங்க. மூணு மதத்துக்காரங்களும் பால் ஊத்தற சங்கம்னா, அங்க ஒற்றுமை எதுல நிக்குதுன்னு தெளிவாப் புரியும்.

முதல்ல அமைப்பு. கிராமத்துல சங்கம், அதுக்கு மேல மாவட்ட ஒன்றியம், அதுக்கும் மேல மாநில அளவுல ஆவின் கூட்டுறவு இணையம். ஈரோடு ஒன்றியத்தோட பால்பண்ணை சித்தோட்டுல இருக்கு. மகளிர் சங்கத்துல உறுப்பினர்கள் பெண்கள்தான். பத்து மாடு வச்சிருந்தாலும் ஒத்த மாடு வச்சிருந்தாலும் ஒருத்தருக்கு ஒரே ஓட்டு.

(காட்சி: பாலோட அடர்த்தி பார்க்கற லாக்டோமீட்டர் பால்ல மிதக்கறது, நெருக்கத்துல.)

"ஏனுங்க்கா, நேத்தைக்கு விட இன்னைக்கு பேட் கொறஞ்சு போச்சு?" பேட்ங்கறது பால்ல இருக்கற கொழுப்பு அளவு. சங்கத்துல சண்டை ஆரம்பிக்கறது பெரும்பாலும் இந்தக் கேள்வியிலதான். அளக்கறவங்க அவங்க ஆளுங்களுக்கு மட்டும் கூடப் போடறாங்கன்னு ஒரு சந்தேகம் கிளம்பிட்டா, அது சாதிக்கும் மதத்துக்கும் போக ரொம்ப நேரம் ஆகாது. அதனால அளவு ஏன் மாறுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

கறந்த சூட்டோட, நுரை அடங்காம லாக்டோமீட்டரை விட்டா அது கீழ இறங்கும். தண்ணி கலந்த பால்லயும் அப்படியேதான் இறங்கும். நல்ல பால் கொண்டு வந்தவங்க திருட்டுப்பட்டம் வாங்கறது இங்கதான். நுரை அடங்கட்டும், வெப்பநிலையைப் பார்த்து அளவைத் திருத்தட்டும், அப்புறம் படிக்கட்டும். அதே மாதிரி, கேனை மேலயும் கீழயும் கலக்காம சோதனைக்கு மாதிரி எடுத்தா பேட் தப்பா வரும், ஏன்னா கொழுப்பு மேல ஏறி நிக்கும். கடைசியாக் கறக்கற பால்லதான் கொழுப்பு அதிகம். அதைக் கன்னுக்குட்டிக்கு விட்டுட்டு வந்தவங்களுக்குப் பேட் குறையத்தான் செய்யும்.

பேட் பார்க்கற மெஷின் மேல சந்தேகம் வந்தா, அமிலம் சேர்த்துக் கொழுப்பைப் பிரிச்சு அளக்கற கெர்பர் முறையில பார்க்கணும். பியூட்டிரோமீட்டர்ங்கற அளவுக்கோடு போட்ட குழாய்ல முதல்ல 10 மில்லி கந்தக அமிலம். அதுமேல பக்கவாட்டுல மெதுவா 10.75 மில்லி பால், அப்புறம் 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கி, சுழல்மெஷின்ல வச்சுச் சுத்தி, 65 டிகிரி சுடுதண்ணியில நிறுத்திட்டு அளவைப் படிக்கணும். கொழுப்புக்கு அடியில கருப்புத்துகள் தெரிஞ்சா அமிலம் வீரியம் கூட; வெள்ளையாத் திரிஞ்சு நின்னா வீரியம் குறைவு. ரெண்டுலயும் அந்த அளவை எடுத்துக்கக் கூடாது. பால் ஊத்தறவங்க முன்னாடியே இதைச் செஞ்சு காட்டற சங்கத்துல புகார் வளராது. பார்க்கப் போற நீங்க அந்த அமிலக்குப்பி பக்கம் மட்டும் போகாதீங்க.

(காட்சி: சுவத்துல ஒட்டின முறைப்பட்டியல்.)

இனி பண்டிகைக்கு வருவோம். எந்த வேளைக்கு யார் பால் அளக்கறதுன்னு சொல்ற முறைப்பட்டியலைச் சுவத்துல எழுதி ஒட்டணும், வாய்வழியா விடக் கூடாது. ரம்ஜான் மாசத்துல சஹருக்கு (நோன்பு தொடங்கறதுக்கு முந்தின விடியற்காலைச் சாப்பாடு) எந்திரிக்கற பெண்கள் காலை முறையை எடுத்துக்கிட்டா, சாயங்காலம் நோன்பு திறக்கற நேரத்துக்கு வீட்ல இருக்கலாம். சாயங்கால முறை மத்தவங்களுக்கு. பெருநாள் பிறையைப் பார்த்துத்தான் முடிவாகும். அதனால வரக்கூடிய ரெண்டு நாளுக்கும் மாற்று ஆள் பேரை முன்கூட்டியே எழுதிடணும். இதை மறந்துட்டா, ராத்திரியில பிறை தெரிஞ்ச பிறகு வீடு வீடா ஆள் தேட வேண்டியிருக்கும்.

மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கம்பம் நட்டுக் காப்புக் கட்டினவங்க வெளியூர்ல ராத்தங்க மாட்டாங்க. பயிற்சி, ஒன்றியக் கூட்டம்னு போகற வேலையை அந்த நாள்ல முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் நடுராத்திரி ஆராதனை முடிஞ்சு வர்றவங்களுக்கு மறுநாள் காலை முறை வேண்டாம். தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியல் இருக்கறவங்களுக்கும் அதேதான். பட்டிப்பொங்கலுக்கு மாடு வச்சிருக்கற எல்லா வீட்லயும் வேலை இருக்கும், அதனால அன்னைக்கு மட்டும் நேரத்தைக் கொஞ்சம் மாத்தி வச்சுக்கறது நல்லது.

மெஷினை ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தரே இருந்தா இந்தப் பட்டியல் வெறும் காகிதம். மூணு மதத்துலயும் ரெண்டு ரெண்டு பேருக்காவது மாதிரி எடுக்க, கழுவ, பதிய சொல்லிக் கொடுத்திருக்கணும்.

இன்னொண்ணும் கவனிங்க. ஊருக்குப் போற குடும்பத்து மாட்டைப் பக்கத்து வீட்டக்கா கறக்கறது வழக்கம். ஆனா புது ஆள் கை பட்டா மாடு மிரண்டு பாலை அடக்கிக்கும். ரெண்டு மூணு நாள் முன்னாடியே அந்தக்கா வந்து தீனி போட்டு, தடவிக் கொடுத்துப் பழக்கணும். அந்தப் பாலை மாட்டுக்காரங்க உறுப்பினர் எண்லயே ஊத்தணும், வேற எண்ல ஊத்திட்டா கணக்கு குழம்பிடும்.

(காட்சி: செயலாளர் நோட்டுல பதியறாங்க.)

போறதுக்கு முந்தின நாளே செயலாளர்கிட்ட அனுமதி கேளுங்க. கேமராவை வரிசை கலைஞ்ச பிறகு எடுங்க. யார் எந்த மதம்னு விசாரிக்காதீங்க, முறைப்பட்டியலைப் படிச்சாலே போதும். ரம்ஜான் மாசமோ மாரியம்மன் நோம்பியோ நடக்கறப்பப் போனா முறை மாத்திக்கறதை நேர்லயே பார்க்கலாம். பால் பணம் பட்டுவாடா பண்ற நாளை மட்டும் தவிர்த்துடுங்க, அன்னைக்கு உங்ககிட்டப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.