மேற்கே இறங்கும் சாலை

நண்பர்களே, மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டிக்கு வருகிறவர் மேற்கே போகிறார், மேலேயும் போகிறார். இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல் அல்ல. மேல் என்ற அடியில் பிறந்தது மேற்கு. கீழ் என்ற அடியில் பிறந்தது கிழக்கு. காவிரியும் வைகையும் தாமிரபரணியும் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ, அது கீழ். கிழக்குக்குக் குணக்கு, மேற்குக்குக் குடக்கு என்று பழைய பெயர்கள் இருந்தும், பேச்சில் நிலைத்தவை மேடு பள்ளத்தைச் சொன்ன இந்தச் சொற்கள்தான்.

கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. அப்படியும் மலையாளத்தில் கிழக்கு கிழக்குதான்: உயர்ந்த திசைக்குத் தாழ்ந்த பெயர்! மேற்குக்கு மட்டும் 'படிஞ்ஞாறு', ஞாயிறு படுகிற திசை. கிழக்கு என்பது மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து போன சொல் என்று மொழி ஆய்வாளர் கால்டுவெல் வாதிட்டார்.

அந்த முரண் நம் நீலகிரி மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. கூடலூர் ஊட்டிக்கு மேற்கே. ஆனால் நடுவட்டம் வழியாக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். கூடலூர்ப் பக்கத்து ஆறான பாண்டியாறு அரபிக் கடலைத் தேடிப் போகிறது. அங்கே மேற்குதான் கீழ். குன்னூர்க்காரர் "கீழே போயிட்டு வரேன்" என்றால் மேட்டுப்பாளையம். அதே சொல்லைக் கூடலூரில் சொன்னால் வேறு ஊர்.

காற்றிலும் ஒரு குழப்பம். மேல்காற்று மேற்கே போகிற காற்றல்ல, மேற்கிலிருந்து வருவது. பயணத்துக்குச் சேருமிடம் பெயர் தருகிறது; காற்றுக்குப் புறப்பட்ட இடம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது மேல்காற்றுப் பருவத்தில்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், கீழ்க்காற்று மழையில்.

சாலையில் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டியின் முகம் திரும்பிவிடுகிறது. மேற்கே பார்த்து ஏறியவர் அடுத்த வளைவு தாண்டியதும் கிழக்கே பார்த்து ஏறுகிறார். இடக்கைப் பக்கம் மலை இருந்தது போய்ப் பள்ளம் வருகிறது. ஆகவே 108-ஐ அழைக்கும்போது கிழக்கு, மேற்கு, இடம், வலம் எதுவும் உதவாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, ஏறுமுகமா இறங்குமுகமா, எத்தனையாவது வளைவு, வண்டி கிடப்பது மலைப்பக்கமா பள்ளப்பக்கமா: இந்த வரிசையில் சொல்லுங்கள். வளைவு எண் பலகையிலேயே இருக்கும்.