மஞ்சளின் மேல் மஞ்சள்

நேயர்களுக்கு வணக்கம்.

தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரில், தாம் வாடகைக்கு எடுத்திருந்த மஞ்சள் வீட்டுக்கு ஓவியர் பால் கோகன் வந்து தங்கப்போகிறார் என்ற எதிர்பார்ப்பில், 1888 ஆகஸ்டில் வின்சென்ட் வான்கோ சூரியகாந்திப் பூக்களை வரையத் தொடங்கினார். முந்தைய ஆண்டு பாரிஸில் அவர் வரைந்த சிறிய சூரியகாந்தி ஓவியங்களில் இரண்டைக் கோகன் விரும்பிப் பெற்றிருந்தார். ஆகவே, வரப்போகும் நண்பருக்குப் பிடித்த பூ எது என்பது வான்கோவுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஒரு மாதத்தில் நான்கு ஓவியங்கள் உருவாயின. அவற்றில் இரண்டு கோகனுக்கான படுக்கையறையை அலங்கரித்தன.

பூக்கள் விரைவில் வாடிவிடும் என்பதால், விடிந்ததுமே வேலையைத் தொடங்கி ஒரே மூச்சில் வரைந்து முடிக்க வேண்டியிருக்கிறது என்று தம்பி தியோவுக்கு அவர் எழுதினார். ஆனால் அவசரத்தின் சிதறல் எதுவும் அந்த ஓவியங்களில் இல்லை. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். சுவர் மஞ்சள், மேசை மஞ்சள், சாடி மஞ்சள், அதில் உள்ள பதினைந்து பூக்களும் பெரும்பாலும் மஞ்சள். நிறத்தால் பிரித்துக் காட்ட வழியில்லாத இடத்தில், வண்ணத்தின் கனத்தாலும் தூரிகை செல்லும் திசையாலும் அவர் பிரித்துக் காட்டுகிறார். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்தாற்போலச் சிறு தீற்றல்கள். இதழ்களில் அவை நீளும் போக்கிலேயே நீளமான இழுப்புகள். இதழ் உதிர்ந்த பூக்களின் நடுவில் விதைகள் திரண்டிருப்பதுபோல் மேடுமேடாக அப்பிய வண்ணம். மேசையின் விளிம்பில் ஓடும் ஒரு நீலக்கோடும், சாடியின் மேல் நீலத்தில் எழுதிய 'வின்சென்ட்' என்ற பெயரும் இல்லாவிட்டால், இத்தனை மஞ்சளும் இவ்வளவு ஒளிராது என்றே நான் கருதுகிறேன்.

அந்த மஞ்சளில் பெரும்பகுதி குரோம் மஞ்சள் எனப்படும் ஈயக் குரோமேட். அதன் சில வகைகள் ஒளி பட்டால் வேதிமாற்றம் அடைந்து பழுப்பாகும் என்பதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். புதிய வண்ணங்கள் நிலையற்றவை என்பது வான்கோவுக்கும் தெரியும். காலம் அவற்றை எப்படியும் மென்மையாக்கிவிடும், அதனாலேயே துணிந்து அழுத்தமாகத் தீட்ட வேண்டும் என்று 1888 வசந்தத்திலேயே அவர் எழுதியிருக்கிறார்.

கோகனுடனான வாழ்க்கை இரண்டே மாதங்களில், டிசம்பரில், வான்கோ தம் காதை அறுத்துக்கொண்ட துயரத்தோடு முறிந்தது. அதன் பின்னும் கோகன் மஞ்சள் பின்புலம் கொண்ட அந்தச் சூரியகாந்தியைக் கேட்டு எழுதினார். மூல ஓவியத்தைக் கொடுக்க மனமில்லாத வான்கோ, 1889 ஜனவரியில் தம் ஓவியங்களைப் பார்த்தே மேலும் சிலவற்றை வரைந்தார். அவற்றுள் ஒன்று இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது.

அப்படியானால் இந்தப் பூக்களின் பொருள்தான் என்ன? 1890இல் விமர்சகர் அல்பேர் ஓரியேவுக்கு எழுதிய கடிதத்தில், இவை நன்றியுணர்வைக் குறிப்பவை எனலாம் என்று வான்கோவே சொல்கிறார். அந்த நன்றி மலர்ச்சிக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை. மொட்டும், விரிந்த பூவும், தலை கவிழ்ந்து உலர்ந்ததும் ஒரே சாடியில், ஒரே அக்கறையோடு தீட்டப்பட்டிருக்கின்றன. விதை முற்றிய பூவுக்குத்தான் மிகத் தடித்த வண்ணமும் கிடைத்திருக்கிறது.

பிற்பாடு, அஞ்சல் ஊழியர் ரூலனின் மனைவி தொட்டில் கயிற்றைப் பிடித்து அமர்ந்திருக்கும் ஓவியத்தை நடுவில் வைத்து, அதன் இருபுறமும் சூரியகாந்திகளை மாட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார். 1889 மே மாதக் கடிதத்தில் அந்த அமைப்பைத் தியோவுக்கு வரைந்தே காட்டி, அதற்கான காரணத்தையும் விளக்கினார்: பக்கத்தில் மஞ்சள் இருந்தால் அந்தப் பெண்ணின் முகத்திலுள்ள மஞ்சளும் ஆரஞ்சும் மேலும் ஒளி பெறும்.