முதல் பழைய கார் வாங்கப் போறீங்களா? முதல்ல காப்பெட்டைத் தூக்கிப் பாருங்க

[காட்சி: பொனட் திறந்த ஒரு மொரிஸ் மைனர். சாவி திருப்புற சத்தம்.]

எல்லாருக்கும் வணக்கம். சாவியைத் திருப்பின உடனே டிக் டிக் டிக் என்டு ஒரு சத்தம் கேக்குதா, அது எஞ்சின் இல்ல, பெற்றோல் பம்ப். கார்பரேட்டருக்கு பெற்றோல் நிறைஞ்சதும் அது தானா நின்டுரும், அதுக்குப் பிறகுதான் ஸ்டார்ட் அடிக்கணும். நிக்காம அடிச்சுக்கொண்டே இருந்தா எங்கயோ காத்து இழுக்குது, இல்லாட்டி டாங்கில பெற்றோல் இல்ல. இந்தச் சத்தத்தை முதல் தரம் கேக்கேக்க மனசு கரைஞ்சு போகும். ஆனா அந்த நேரத்துல அட்வான்ஸ் மட்டும் குடுத்துராதீங்க.

ஏனென்டா முதல் பழைய கார் வாங்குற ஆக்கள் முக்கால்வாசிப் பேர் பாக்குறது ரெண்டு விஷயம்தான், பெயின்ட் எப்பிடி இருக்கு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதா. நான் சொல்றது, எஞ்சினுக்கு காசு குடுக்காதீங்க, தகரத்துக்குக் குடுங்க. பொடி, அதாவது கார்ட தகர உடம்பு, நல்லா இருந்து எஞ்சின் செத்துப்போன கார் இருந்தா, அதை வாங்கலாம். எஞ்சின் பாட்டுப் பாடுது, ஆனா கீழ தகரம் போயிட்டுது என்டா, கும்பிட்டுட்டு வந்துருங்க.

ஏன் அப்பிடிச் சொல்றேன் என்டா, மொரிஸ் மைனரை எடுத்தா, 1953க்குப் பிறகு வந்ததுக்குள்ள இருக்குறது ஏ சீரிஸ் என்ட எஞ்சின். அது 1951ல வந்து 2000ஆம் ஆண்டு வரைக்கும் செஞ்ச எஞ்சின், மினியிலயும் அதே குடும்பம்தான், ஒஸ்டின் ஏ35லயும் அதே குடும்பம்தான். அதனால கேஸ்கட், பிஸ்டன், வால்வ், வோட்டர் பம்ப் என்டு எதையும் கொழும்பு பஞ்சிகாவத்தையில ஸ்பெயார் பார்ட்ஸ் விக்குற நாலு கடை ஏறி இறங்கினா தேடிப் பிடிச்சுரலாம், கிடைக்காட்டி வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம். தகரம் அப்பிடி இல்ல. வெட்டி ஒட்டுற வேலை மாசக்கணக்கில போகும், தகர வேலை செய்யுற நல்ல டிங்கர் பாஸ்மாரும் இப்ப குறைஞ்சிட்டாங்க, தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் இருந்தா அவருக்கு முன்னால ஏற்கனவே அஞ்சு கார் வரிசையில நிக்கும்.

எந்தக் கார் எடுக்குறது? கொழும்புல சின்ன கிளாசிக் என்டா மூண்டு பேர்தான் அடிக்கடி வரும், மொரிஸ் மைனர், மினி, வொக்ஸ்வாகன் பீட்டில். மினி 1959ல வந்த கார், மூண்டு மீட்டர் நீளம்தான், பார்க்கிங்குக்கு சொர்க்கம். ஆனா எஞ்சினைக் குறுக்கா வச்சிருக்குறதால பிளக்குக்கு கரண்டைப் பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்குப் பின்னால முன்னால பாத்துக்கொண்டு நிக்கும், எங்கட மழைக்கு ரோட்ல தண்ணி தேங்கினா தெறிச்சு நனைஞ்சு நடு ரோட்ல நின்டுரும், அதுக்கு ரப்பர் கவர் கட்டாம ஓடக்கூடாது. பீட்டில்ல ரேடியேட்டர் இல்ல, எஞ்சின் பின்னால, காத்துலதான் ஆறுது. அதுல பெற்றோல் ஹோஸ் பழசா போனா சூடான எஞ்சின் மேல ஒழுகும், தீப்பிடிச்ச பீட்டில் கதை நிறைய இருக்கு, வாங்கினா முதல் நாளே அந்த ஹோஸ் எல்லாம் மாத்திருங்க.

என்ட ஆள் மைனர். முதல் காருக்கு அதைத்தான் நான் சொல்லுவேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைச்சு 1948ல வந்தது, மினியும் அதே மனுஷன்தான். கடைசி நேரத்துல கார் ஒடுக்கமா இருக்கு என்டு யோசிச்சு, மாதிரிக்கு செஞ்ச காரை நடுவால ரெண்டா அறுத்து நாலு அங்குலம் விலக்கி வச்சுப் பாத்து, இதுதான் சரி என்டு முடிவெடுத்தார், பொனட் நடுவால ஓடுற அந்த மேடான பட்டை வந்தது அதனாலதான். 1956க்கு முந்தினதுக்கு முன் கண்ணாடி ரெண்டு துண்டு, அதுக்குப் பிறகு ஒரே வளைஞ்ச கண்ணாடி, 948 சிசி எஞ்சின், 1962ல இருந்து 1098 சிசி. தினமும் ஓடுறதா இருந்தா 1098 தேடுங்க, 48 குதிரைவலு, கொழும்பு காலி வீதி ட்ரஃபிக்ல மூச்சு வாங்காது. 1956க்கு முந்தின 803 சிசி எஞ்சின்காரங்க என்னோட கோவிக்காதீங்க, அது ஞாயிற்றுக்கிழமை காலமைக்கு அருமையான கார்.

[காட்சி: காரின் கீழ்ப்பக்கம், டோர்ச் வெளிச்சம்.]

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறேன். நான் முதல்ல பாக்கப் போன மைனர் தெஹிவளையில, கடலுக்கு கிட்ட ஒரு வீடு. மெல்லிய நீலம், கண்ணாடி மாதிரி பெயின்ட், ஒரே அடியில ஸ்டார்ட். நான் மனசுக்குள்ள வாங்கியே முடிச்சிட்டேன். கூட வந்த பாஸ் எஞ்சின் பக்கமே போகல்ல, டிரைவர் சீட்டுக்கு முன்னால குந்தி இருந்து, "தம்பி, இந்த காப்பெட்டைத் தூக்குங்க" என்டார். தூக்கினா புதுத் தகரம், மினுமினுங்குது, சுத்தி ரிவெட் அடிச்சு ஓரமெல்லாம் தார் பூசியிருக்கு. எனக்கு புதுசா போட்டிருக்காங்க என்டு சந்தோஷம். பாஸ் ஸ்க்ரூட்ரைவரால அந்தத் தார் ஓரத்தை மெதுவா அழுத்தினார், பிஸ்கட் மாதிரி நொறுங்கி ஸ்க்ரூட்ரைவர் உள்ள போயிட்டுது. பழைய துருவுக்கு மேல சும்மா ஒரு தகடு வச்சு மூடியிருக்கு, அவ்வளவுதான். வீட்டு அங்கிள்ட முகத்தைப் பாக்க ஏலாம போயிட்டு எனக்கு, அவருக்கே அது தெரியாம இருந்திருக்கலாம், முந்தி வித்தவன் மூடியிருப்பான்.

மைனருக்கு சேஸி என்டு தனியா ஒரு சட்டகம் இல்ல, பொடியே தான் சுமை தாங்குது. அதனால கதவுக்குக் கீழ ஓடுற சில், அதுக்கு அடியில ஜாக் வைக்குற இடம், முன் சீட்டுக்குக் கீழ குறுக்கா போற கிரொஸ்மெம்பர், பின் ஸ்பிரிங் பிடிச்சிருக்குற இடம், இந்த நாலும் திடமா இருக்கணும். கிரொஸ்மெம்பர்லதான் முன் சில்லைத் தாங்குற டோர்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுகுற கம்பி, போய் மாட்டுது, அது துருப்பிடிச்சா கார் முன்னால ஒரு பக்கம் குந்திரும். சோதிக்குறதுக்கு ஒரு லேசான வழி இருக்கு, கதவைச் சாத்தி கதவு இடைவெளியைப் பாருங்க, பிறகு சொந்தக்காரர்ட்ட கேட்டுட்டு கதவுக்குக் கீழ அந்த ஜாக் வைக்குற இடத்துல ஜாக் வச்சு கொஞ்சம் தூக்குங்க. இடைவெளி மாறினாலோ, கதவு இறுகி திறக்க மறுத்தாலோ, கறக் கறக் என்டு சத்தம் வந்தாலோ அந்தக் கார் உங்களுக்கு வேணாம். அதோட ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில சுத்திக்கொண்டு போங்க, பெயின்ட் கீறாது, மட்காட் ஓரம், கதவுக் கீழ்ப்பக்கம், டிக்கி நிலம் எல்லாம் வச்சுப் பாருங்க, காந்தம் ஒட்டாத இடத்துல உள்ள இருக்குறது தகரம் இல்ல, பூசி மூடின பட்டி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிஸ்ஸ பக்கம் ரோட்டுல நிப்பாட்டி வச்ச காருக்கு உப்புக் காத்து கட்டாயம் பட்டிருக்கும், மலைநாட்டுல மூடின கராஜ்ல நின்ட கார் என்டா எனக்கு கொஞ்சம் நம்பிக்கை கூட வரும், ஆனா அங்கயும் ஈரம் இருக்கு, காப்பெட்டைத் தூக்காம நம்ப வேணாம்.

இன்னொண்டு, இது உயிர் விஷயம். மைனர்ட முன் சில்லு மேலயும் கீழயும் ட்ரனியன் என்டு சொல்ற மரை போட்ட துண்டுல நிக்குது. அதுக்கு கிரீஸ் அடிக்காம விட்டா மரை தேஞ்சு, ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுசா முறிச்சு பார்க் பண்ணேக்க சில்லு அப்பிடியே மடிஞ்சு விழும். வேகமா போகேக்க நடந்தா என்ன ஆகும் என்டு யோசிச்சுப் பாருங்க. பாக்கப் போற இடத்துல முன் சில்லைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, கீழ ட்ரனியன்ல ஆட்டம் இருந்தா புதுசு போட்டுட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும். கிரீஸ் நிப்பிள் காஞ்சு மண் பிடிச்சிருந்தா அந்த வீட்டுல காரை எப்பிடிப் பாத்தாங்க என்டு உங்களுக்கே விளங்கும்.

பிரேக் நாலு சில்லுக்கும் ட்ரம்தான், முன்னால திடீரென்டு த்ரீவீல் வெட்டினா புதுக் கார் மாதிரி நிக்காது, இடைவெளி விட்டு ஓடப் பழகணும். பிரேக்குக்கு அழுத்தம் குடுக்குற மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் கால் கீழ நிலத்துக்குள்ள இருக்கு, அதனாலயும் காப்பெட்டைத் தூக்கணும், ஒயில் கசிவு அங்கதான் தெரியும். முதல் கியருக்கு, ஓடேக்க லேசா கியர் விழ வைக்குற சின்க்ரோ இல்ல, கார் முழுசா நின்ட பிறகுதான் போடணும், கறமுற என்டு சத்தம் வந்தா கியர்பொக்ஸ் கெட்டது என்டு பயப்பட வேணாம்.

[காட்சி: பழைய நம்பர் பிளேட் ஒண்டு.]

சரி, பேப்பர். சி.ஆர் புத்தகத்துல, அதாவது கார்ட பதிவுப் புத்தகத்துல, இருக்குற சேஸி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கார்ல இருக்குறதோட ஒவ்வொரு எழுத்தா வச்சுப் பாருங்க. மைனருக்குள்ள டட்சன் எஞ்சின் மாத்தின கார் நிறைய ஓடுது, மாத்தினது தப்பில்ல, ஆனா சி.ஆர்ல பதிஞ்சிருக்கணும், நிறம் மாத்தினா அதுவும் அப்பிடித்தான். ஓப்பன் பேப்பர்ல இருக்குற கார், அதாவது நாலு கை மாறியும் பேர் மாத்தாம சைன் வச்ச ஃபோர்ம் மட்டும் கைமாறி வந்தது என்டா கவனம், முதல் சொந்தக்காரர் வெளிநாடு போயிருக்கலாம், காலமாகியிருக்கலாம், உங்கட பேருக்கு எடுக்க ஏலாம அலைஞ்சு திரிய வேண்டி வரும். சொந்தக்காரரைக் காட்டச் சொல்லுங்க, காட்டாட்டி விட்டுருங்க. வருஷா வருஷம் எடுக்குற ரெவனியூ லைசன்ஸ் எத்தின வருஷம் கட்டாம விட்டிருக்கு என்டும் கேளுங்க, நிலுவையை யார் கட்டுறது என்டு காசு குடுக்க முதலே கதைச்சு முடிங்க.

நம்பர் பிளேட்டும் ஒரு கதை சொல்லும். ஈ.எல், ஈ.என் மாதிரி ரெண்டு இங்கிலீஷ் எழுத்தோட இருக்குற பழைய பிளேட் என்டா ஐம்பதுகள்ட நடுப்பகுதிக்கு முந்திப் பதிஞ்ச கார், அதுக்குப் பிறகு வந்தது சிங்கள ஸ்ரீ எழுத்து போட்ட பிளேட். அந்த ஸ்ரீ எழுத்துக்கு எதிரா வடக்கு கிழக்குல 1958 அளவில எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்டு எங்கட வீட்டுப் பெரியாக்களுக்குத் தெரியும். பழைய ஸ்ரீ பிளேட் கார் ஒண்டுக்குப் பக்கத்துல நிக்கேக்க அது எனக்கு ஞாபகம் வராம இருக்காது. விக்கிறவங்க எழுத்து பிளேட்டுக்கு விலை கூடக் கேப்பாங்க. அது உங்கட விருப்பம், நான் என்டா அந்தக் காசை கிரொஸ்மெம்பருக்குப் போடுவேன்.

விலை சொல்ல மாட்டேன், நான் சொல்ற நேரத்துக்கே மாறிரும். 2020ல வாகன இறக்குமதி நின்ட பிறகு பழசு எல்லாம் ஏறிட்டுது, 2025ல திறந்த பிறகும் விக்கிறவங்க அந்த விலையைத்தான் கேட்டுப் பாக்குறாங்க. ஒண்டு மட்டும் செய்யுங்க, உங்கட்ட இருக்குற காசுல மூண்டுல ஒரு பங்கைத் தொடாம வச்சுட்டு, மிச்சத்துக்குத்தான் கார் தேடுங்க. இன்சூரன்ஸ் எடுக்கேக்க காருக்கு என்ன மதிப்பு போடுறாங்க என்டு எழுத்துல கேளுங்க.

[காட்சி: கராஜ்ல கார், கிரீஸ் கன்.]

வாங்கிக் கொண்டு வந்தாச்சு என்டா முதல் கிழமை ஊர் சுத்தப் போகாதீங்க. பிரேக் ஹோஸ், பெற்றோல் ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் புதுசு போடுங்க, எஞ்சின் ஒயில் மாத்துங்க, முன் ட்ரனியன் நாலுக்கும் பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து புது கிரீஸ் எட்டிப் பாக்குற வரைக்கும் அடிங்க. பற்றரியைத் தொட முதல் ஒரு நிமிஷம் நில்லுங்க, மைனர்ல பொடிக்குப் போற வயர் பொசிட்டிவ், எங்களுக்குப் பழகினதுக்கு எதிர்ப்பக்கம். யாரும் அதை மாத்தி வச்சிருக்காங்களா என்டு பாக்காம போன் சார்ஜரோ ரேடியோவோ பூட்டினா புகைஞ்சு போகும். நான் பொனட்டுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டி வச்சிருக்கேன், கிரீஸ் அடிச்ச திகதி, ஒயில் மாத்தின திகதி, மைல் கணக்கு, பொசிட்டிவ் எர்த் என்டு பெரிய எழுத்துல. நாளைக்கு வேற ஒரு பாஸ் பொனட்டைத் திறந்தாலும் முதல்ல அதைத்தான் பாப்பார்.